ஜூப்பிட்டர் நோட்புக்கில் கெர்னல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றுவிடுகிறது

நீரியல்_மாணவி (கேள்வி)

வணக்கம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் கனமழை நாள்கள் கடந்த நூறாண்டுகளில் எவ்வாறு மாறியிருக்கின்றன என்பதை என் ஆய்வுக்காகக் கணக்கிட்டு வருகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை 0.25 பாகைக் கட்டங்களாக வெளியிடும் அன்றாட மழைத் தரவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1901 முதல் 2020 வரை ஆண்டுக்கு ஒன்றாக 120 கோப்புகள். அவற்றை எக்ஸ்-அரே நூலகத்தின் வழியாக ஒவ்வொன்றாகப் படித்து, ஒரு பட்டியலில் சேர்த்து, பிறகு ஒரே அணியாக இணைக்கிறேன். தரவு இல்லாத இடங்களைக் குறிக்கும் -999 என்ற மதிப்பை நீக்கிவிட்டு, 64.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாள்களை எண்ணி, 95ஆம் நூற்றுமானத்தை (95 விழுக்காடு மதிப்புகள் அதற்குக் கீழே அமையும் எல்லையை) கண்டு, கடைசியில் கார்ட்டோபை என்ற வரைபட நூலகத்தைக் கொண்டு வரைபடம் இடுகிறேன்.

இதில் எந்தப் படியில் பிழை என்று எனக்குப் புலப்படவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, கெர்னல் (நோட்புக்கின் நிரலை இயக்கும் பகுதி) இறந்துவிட்டதாகத் தெரிகிறது, அது தானாக மறுதொடக்கம் செய்யப்படும் என்ற பொருளில் ஒரு சிறு பெட்டி தோன்றுகிறது. அத்துடன் எல்லா மாறிகளும் போய்விடுகின்றன. பைத்தான் வழக்கமாகக் காட்டும் சிவப்புநிறப் பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. காலையில் மடிக்கணினியைத் திறந்தவுடன் ஓட்டினால் நூற்றுமானம் வரை தடையின்றிப் போய்விடும் நாள்களும் உண்டு. அதே நோட்புக், ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், பிற்பகலில் ஏழாவது செல்லில், அதாவது நோட்புக்கில் தனியாக இயக்கும் நிரற்பகுதிகளுள் ஏழாவதில், நிற்கிறது; மறுநாள் நான்காவது செல்லிலேயே நின்றுவிடுகிறது. ஒருமுறை முனையச் சாளரமே காணாமற்போயிற்று.

மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகமும் உபுண்டு 22.04 பதிப்பும் உள்ளன. இதன் குறைதான் என்று எண்ணி எங்கள் ஆய்வகத்தின் பொதுக் கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். அங்கே நினைவகம் 64 ஜிபி என்று காட்டுகிறது. ஆனால் அங்கு இன்னும் விரைவாக, கோப்புகளை இணைக்கும் செல்லைத் தாண்டியதுமே, கெர்னல் நின்றுவிடுகிறது. 16 ஜிபியில் சில நாள் ஓடுவது 64 ஜிபியில் ஒருநாளும் ஓடவில்லை என்பதால், இது நினைவகச் சிக்கல் அன்று என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

இதுவரை அனகோண்டாவை (பைத்தானும் அதன் நூலகங்களும் சேர்ந்த தொகுப்பை) இரண்டு முறை அழித்து நிறுவியிருக்கிறேன். உலாவியை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு செல்லையும் டிரை, எக்ஸெப்ட் என்ற பிழைபிடிக்கும் கட்டமைப்புக்குள் வைத்தேன்; அதுவும் எதையும் பிடிக்கவில்லை. அடுத்து எதைப் பார்ப்பது என்று வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செர்வர்_காவலன்

வணக்கம். நீங்கள் இதுவரை செய்தவை எல்லாம் மருந்துகள். நோய் என்ன என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. கெர்னல் எப்படி இறந்தது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டால், மீண்டும் நிறுவுவது போன்ற வேலைகளில் பெரும்பாலானவை தேவைப்படா.

நோட்புக்கின் அமைப்பை ஒருமுறை நினைவில் கொண்டால் உங்கள் பிழைபிடிக்கும் கட்டமைப்பு ஏன் எதையும் பிடிக்கவில்லை என்பது விளங்கும். உலாவியில் நீங்கள் காண்பது வெறும் முகப்பு. பின்னால் ஜூப்பிட்டர் செர்வர் ஒரு புராசஸாக, அதாவது இயங்குதளத்தில் ஓடும் ஒரு தனி நிரலாக, ஓடுகிறது. உங்கள் நிரலை உண்மையில் இயக்கும் கெர்னல் அதனின்றும் தனியான இன்னொரு பைத்தான் புராசஸ். செர்வரும் கெர்னலும் ஜீரோ-எம்-க்யூ என்ற செய்திப் பரிமாற்ற நூலகத்தின் வழியாகச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. செர்வர் சில நொடிகளுக்கு ஒருமுறை அந்தப் புராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. இல்லையென்றால் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிட்டு, உங்களுக்கு அந்தச் சிறு பெட்டியைக் காட்டுகிறது. ஏன் இறந்தது என்பது அதற்குத் தெரியாது, அதை அறிய அது முயல்வதும் இல்லை. பைத்தான் தானே எழுப்பும் பிழைகளைத்தான் எக்ஸெப்ட் பிடிக்கும். இயங்குதளம் புராசஸை வெளியிலிருந்து கொன்றுவிடும்போது பைத்தானுக்கு ஒரு சொல் பேசக்கூட நேரம் கிடைப்பதில்லை.

லினக்ஸில் இவ்வாறான சாவுகள் பெரும்பாலும் இரண்டு வகை. புராசஸுக்கு இயங்குதளம் அனுப்பும் எண்ணிட்ட அறிவிப்பான சிக்னலைக் கொண்டு அவற்றைப் பிரிக்கலாம். சிக்னல் 9 என்றால் யாரோ வேண்டுமென்றே கொன்றிருக்கிறார்கள். பொதுவாக அது நினைவகம் தீர்ந்தபோது லினக்ஸ் கருனி செய்யும் வேலை. (கெர்னல் என்ற ஒரே சொல் இரண்டையும் குறித்துக் குழப்புவதால், இயங்குதளத்தின் கெர்னலைக் கருனி என்றே இங்கு எழுதுகிறேன்.) சிக்னல் 11 என்றால், சி மொழியில் எழுதப்பட்ட ஏதோ ஒரு நூலகம் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டிருக்கிறது. டாக்கர் போன்ற கொள்கலனுக்குள் (நிரலைத் தனித்த சூழலில் அடைத்து ஓட்டும் ஏற்பாட்டுக்குள்) முதன்மைப் புராசஸே இறந்தால், இவற்றோடு 128 சேர்ந்து 137 என்றும் 139 என்றும் வெளியேற்ற எண்ணாகக் காணப்படும். இந்த இரண்டுக்கும் மருத்துவம் முற்றிலும் வேறு.

ஆகவே அடுத்த முறை கெர்னல் நின்றவுடன், வேறெதையும் தொடாமல், கருனியின் பதிவைக் காட்டும் டி-மெசேஜ் கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கிக் கடைசிச் சில வரிகளைப் பாருங்கள். நினைவகம் தீர்ந்ததால் கொன்றேன் என்ற வரியும், கொல்லப்பட்ட புராசஸின் எண்ணும், அது அப்போது பிடித்திருந்த நினைவகத்தின் அளவும் அங்கே கிலோபைட்டில் எழுதப்பட்டிருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் உபுண்டு 22.04இல் இன்னொரு சந்தேக நபரும் உண்டு. அந்தப் பதிப்பிலிருந்து சிஸ்டம்-டி-யின் ஊம்-டி என்ற காவல் நிரல் தொடக்கத்திலேயே இயங்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. நினைவக நெருக்கடி முற்றும் முன்பே அது தலையிட்டு, தனிப் புராசஸை விடுத்து அது சேர்ந்திருக்கும் குழு முழுவதையும் கொன்றுவிடும். உங்கள் முனையச் சாளரமே மறைந்த அந்த ஒரு நாளுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். அதன் பதிவு கருனியின் செய்திகளில் இராது. ஜர்னல்-சிடிஎல் கட்டளையில் அந்தச் சேவையின் பெயரைக் கொடுத்துத் தேட வேண்டும்.

பதிவேட்டைப் பார்க்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் தரவு அதற்கு மிக வசதியானது. இந்தத் தரவின் கட்டம் அகலாங்கில் 129, நெட்டாங்கில் 135, ஆக 17,415 புள்ளிகள். 120 ஆண்டுகளுக்கு 43,830 நாள்கள். பெருக்கினால் ஏறத்தாழ 76 கோடி எண்கள். ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் 3 ஜிபிக்குச் சற்று மேல். அதுவே 8 பைட் எண்ணாக மாறினால் 6 ஜிபி. நீங்கள் படித்துப் பட்டியலில் சேர்த்த 120 துண்டுகளும் சேர்ந்து 3 ஜிபி. அந்தப் பட்டியல் ஒரு மாறியில் இருக்கும்வரை அது விடுபடாது. இணைத்த அணி இன்னொரு 3. -999ஐ நீக்கியதும் பிறப்பது பழையதன் திருத்தம் அன்று, புதிய நகல். எனவே மேலும் 3. 64.5இன் ஒப்பீட்டில் கிடைக்கும் உண்மை, பொய் அணி எண்ணுக்கு 1 பைட்டாக முக்கால் ஜிபி. நூற்றுமானம் காண்பதற்கு மதிப்புகளை வரிசை மாற்ற வேண்டும் என்பதால், மூலத்தைக் கெடுக்காமலிருக்க அது தனக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். அது இன்னொரு 3. மொத்தம் ஏறத்தாழ 13 ஜிபி. மடிக்கணினியில் மீதம் இருப்பது 3 ஜிபி. காலையில் உலாவியில் ஒரு தாள் மட்டும் திறந்திருக்கையில் அது போதுமானதாக இருந்திருக்கும். பிற்பகலில் இருபது தாள்களும் ஒரு காணொளியும் சேர்ந்தபின் போதாமற்போகும். நோட்புக்கில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்றீர்கள். மாறியது அதைச் சுற்றியிருந்தவை.

நிற்கும் செல் நாளுக்கு நாள் மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நிரல் நினைவகம் கேட்டதும் லினக்ஸ் பெரும்பாலும் மறுக்காமல் சரி என்று சொல்லிவிடுகிறது. அதில் உண்மையில் எழுதத் தொடங்கும்போதுதான் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறது. கையிருப்பு தீரும் கணம் எந்தச் செல்லில் வந்து விழுகிறதோ அங்கே கெர்னல் சாகிறது. குற்றவாளியான செல் அதற்கு மூன்று செல்கள் முன்னால் அமைதியாக முடிந்திருக்கலாம்.

நோட்புக்குக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் அனுபவம் உள்ளவர்களும் ஏமாறுகிறார்கள். செல்லின் கடைசி வரியில் ஒரு மாறியின் பெயரை மட்டும் எழுதி அதன் உருவத்தைப் பார்த்தால், அந்தப் பொருளை ஐபைத்தான் தன் வெளியீட்டுச் சேமிப்பில் எண்ணிட்டு வைத்துக்கொள்கிறது. அதன்பின் நீங்கள் டெல் போட்டு அந்த மாறியை அழித்தாலும், சேமிப்பில் இன்னொரு பிடி இருப்பதால் நினைவகம் திரும்பாது. அதேபோல ஒரு செல் பிழையில் முடிந்தால், பிழையின் தடத்தோடு அந்தச் சார்பின் உள்மாறிகளும் அடுத்த பிழை வரும்வரை உயிரோடு கிடக்கும். ஒரே நோட்புக்கைத் திருத்தித் திருத்தி நாள் முழுவதும் ஓட்டுகிறவர்களுக்குப் பிற்பகலில் நினைவகம் குறைவதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

64 ஜிபி கணினியைப் பற்றி: அங்கே உங்கள் நோட்புக் ஒரு கொள்கலனுக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். கொள்கலனுக்குள்ளிருந்து ஃப்ரீ கட்டளையை இயக்கினால் அது முழுக் கணினியின் நினைவகத்தையே காட்டும். உங்களுக்கென விதிக்கப்பட்ட வரம்பு அதில் தெரியாது. சிஸ் கோப்புறையில் சி-குரூப் பகுதிக்குள் மெமரி-மேக்ஸ் என்றொரு கோப்பு இருக்கும். உண்மையான வரம்பு பைட் கணக்கில் அதில் எழுதியிருக்கும். அதைப் பார்த்த பிறகு நினைவகச் சிக்கல் அன்று என்ற முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள்.

தீர்வு எளியது. உங்கள் ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றியது. ஆனால் நீங்கள் லடாக்கின் மழையையும் நினைவகத்தில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஆண்டுக் கோப்பையும் திறந்தவுடனேயே, பட்டியலில் சேர்ப்பதற்கு முன், அகலாங்கு 8 முதல் 13.5 வரையும் நெட்டாங்கு 76 முதல் 80.5 வரையும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அது 23க்கு 19, அதாவது 437 புள்ளிகள்தாம். 120 ஆண்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 77 மெகாபைட். வெட்டிய துண்டை அங்கேயே நினைவகத்தில் ஏற்றிவிட்டு மூலக் கோப்பை மூடிவிடவும் மறவாதீர்கள்.

பழைய_பைத்தான்

முன்னவர் சொன்னதில் பெரிய வேறுபாடு எனக்கில்லை. ஆனால் பதிவேட்டைப் பார்க்கும் முன்பே கணக்கை வைத்துத் தீர்ப்பெழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. நினைவகமும் தீரலாம், அதோடு வேறொரு நூலகமும் பழுதாக இருக்கலாம். இரண்டு நோய்கள் ஒரே உடம்பில் இருக்கக்கூடாது என்று விதியில்லை.

நோட்புக்கைச் சாதாரணப் பைத்தான் கோப்பாக மாற்றி முனையத்திலிருந்து நேரடியாக ஓட்டிப் பாருங்கள். என்பி-கன்வர்ட் அந்த மாற்றத்தைச் செய்து தரும். அவ்வாறு ஓட்டும்போது புராசஸ் கொல்லப்பட்டதா, நினைவக மீறலில் விழுந்ததா என்பதை முனையமே ஒரு சொல்லில் சொல்லிவிடும். அதோடு ஃபால்ட்-ஹேண்ட்லரை இயக்கிவையுங்கள். இது பைத்தான் 3.3 முதல் உடன்வரும் ஒரு கூறு. சிக்னல் 11 போன்றவை வரும்போது சாவதற்கு முன் பைத்தானின் எந்த வரியில் இருந்தோம் என்பதை எழுதிவிட்டுச் சாகும். சிக்னல் 9இல் மட்டும் இதனாலும் பயனில்லை, அதை எந்தப் புராசஸும் தடுத்துப் பேச முடியாது. நோட்புக்கிலேயே இதை இயக்கினால் செய்தி செல்லுக்குக் கீழே வராது; ஜூப்பிட்டரைத் தொடங்கிய முனையத்தில் வரும். அந்தச் சாளரத்தைச் சிறிதாக்கி மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

ஸ்வாப் இடத்தை (நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடத்தை) பெருக்குங்கள் என்று யாராவது இங்கே எழுதக்கூடும். அதனால் கெர்னல் சாகாமல் இருக்கலாம். ஆனால் நூற்றுமானக் கணக்கு வட்டிலிருந்து நடக்கும்போது சில நிமிட வேலைக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும். உங்கள் கணக்குக்கு அது தேவையுமில்லை.

நீரியல்_மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாள் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில், நான் தவறாக முடிவு கட்டியிருந்தேன். மடிக்கணினியின் கருனிப் பதிவில், கடந்த வாரத்தில் மட்டும், நினைவகம் தீர்ந்து பைத்தானைக் கொன்றதாக நான்கு வரிகள் இருந்தன. கடைசி வரியின்படி அந்தப் புராசஸ் பிடித்திருந்தது சுமார் 12.7 ஜிபி. காகிதத்தில் போட்ட 13 ஜிபிக்கு இவ்வளவு நெருங்கி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முனையம் மறைந்த நாளின் பதிவில் ஊம்-டியின் பெயரே இருந்தது. ஆய்வகக் கணினியில் மெமரி-மேக்ஸ் கோப்பைத் திறந்தால் 8589934592 என்று இருக்கிறது, அதாவது 8 ஜிபி. 64 என்று திரையில் பார்த்ததை நம்பி ஒரு மாதத்தைச் செலவழித்திருக்கிறேன்.

கோப்பைத் திறந்தவுடனேயே வெட்டும்படி மாற்றிய பிறகு நூற்றுமானம் வரை எல்லாச் செல்களும் இரண்டு கணினிகளிலும் தடையின்றி ஓடுகின்றன. உலாவியில் எத்தனை தாள்கள் திறந்திருந்தாலும் வேறுபாடில்லை.

ஆனால் பழைய_பைத்தான் சொன்ன இரண்டாவது நோயும் இருக்கிறது போலும். மடிக்கணினியில் வரைபடச் செல் இப்போதும் கெர்னலைக் கொல்கிறது. முன்பு நினைவகத்தால் நடந்ததோடு இதையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது தெளிவாகப் பிரிந்து தெரிகிறது: புதிதாகத் தொடங்கிய கெர்னலில், எந்தத் தரவும் இல்லாமல், கடற்கரைக் கோட்டை மட்டும் வரையச் சொன்னாலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சாகிறது. கருனிப் பதிவில் நினைவக மீறல் என்ற வரியில் ஜியாஸ் நூலகத்தின் பெயர் வருகிறது. ஃபால்ட்-ஹேண்ட்லரும் கார்ட்டோபைக்கு உள்ளே ஒரு வரியைக் காட்டுகிறது. ஆய்வகக் கணினியில் இது நிகழவில்லை.

வரைபடப்_பித்தன்

இந்தப் பிழையோடு எனக்குப் பழைய உறவு உண்டு. கார்ட்டோபையை கோண்டா வழியாகவும், ஷேப்லி என்ற வடிவியல் நூலகத்தை பிப் வழியாகவும் நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கோண்டா, பிப் இரண்டும் பைத்தான் பொதிகளை நிறுவும் கருவிகள். நீங்கள் தனியாக நிறுவாவிட்டாலும், பிப் மூலம் வேறு ஏதோ ஒன்றை நிறுவியபோது அது ஷேப்லியைத் தன்னோடு இழுத்து வந்திருக்கலாம்.

வடிவியல் கணக்குகளை எல்லாம் உண்மையில் செய்வது ஜியாஸ் என்ற சி++ நூலகம். பிப் தரும் ஷேப்லி, ஜியாஸின் தனி நகல் ஒன்றைத் தன் பொதியிலேயே கொண்டுவருகிறது. பழைய கார்ட்டோபை பதிப்புகளோ, கோண்டா சூழலில் இருக்கும் வேறொரு ஜியாஸ் நகலோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டவை. இரண்டும் ஒரே புராசஸுக்குள் ஏறிய பிறகு, ஒரு நகல் உருவாக்கிய கடற்கரைக் கோட்டின் சுட்டியை மற்ற நகலிடம் கொடுத்தால், அது தன் கணக்கின்படி அந்த முகவரியைப் பிரித்துப் படிக்க முயன்று விழுகிறது. பைத்தான் மட்டத்தில் இரண்டும் ஷேப்லிப் பொருள்தான் என்பதால் யாருக்கும் எச்சரிக்கை வராது. எந்த நூலகத்தை முதலில் இறக்குமதி செய்தீர்கள் என்பதைப் பொறுத்துச் சில கணினிகளில் சாவு வருவதும் வராததும் மாறும். இறக்குமதி வரிகளை இடம் மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது என்று எழுதுகிறவர்களை நம்பி அங்கேயே நின்றுவிட வேண்டாம்.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு நோய் விண்டோஸ் பயன்படுத்துவோரிடம் அதிகம். பைடார்ச், நம்பை என்ற இரு கணக்கீட்டு நூலகங்களும் இன்டெலின் ஓபன்-எம்பி நூலகத்தை ஆளுக்கொரு நகலாக ஏற்றிக்கொள்ள, ஒரு சாதாரணக் கோட்டுப்படம் வரையும்போது கெர்னல் நின்றுவிடும். அங்கே முனையத்தில் வரும் செய்தியே ஒரு சூழல் மாறியை மாற்றி இதைக் கடந்துபோகலாம் என்று சொல்லிவிட்டு, அப்படிச் செய்தால் விடைகள் ஓசையின்றித் தவறாகலாம் என்றும் எச்சரிக்கிறது. முதல் பாதியை மட்டும் படித்து எல்லோரும் அந்த மாறியை நோட்புக்கின் முதல் செல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்கு எண்களைக் கணக்கிடுகிறவர்கள் அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போதுள்ள சூழலைப் பழுதுபார்க்க முயலாதீர்கள். புதிய கோண்டா சூழல் ஒன்றை உருவாக்கி, எக்ஸ்-அரே, கார்ட்டோபை, ஷேப்லி, மேட்பிளாட்லிப், ஐபை-கெர்னல் ஆகிய அனைத்தையும் கோண்டா-ஃபோர்ஜ் என்ற ஒரே மூலத்திலிருந்து, ஒரே கட்டளையில் நிறுவுங்கள். ஒரே கட்டளை என்பதை வலியுறுத்துகிறேன். அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நிறுவியிடம் இருக்கும். பிறகு ஜூப்பிட்டரில் கெர்னல் பட்டியலிலிருந்து அந்தப் புதிய சூழலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பழைய கெர்னலிலேயே ஓட்டி, புதிய சூழலிலும் அதே பிழை என்று திரும்பி வருபவர்கள் உண்டு. சிஸ்-எக்ஸிக்யூட்டபிள் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தால் எந்தப் பைத்தான் ஓடுகிறது என்பது ஐயமின்றித் தெரியும்.

நீரியல்_மாணவி

ஷேப்லி இரண்டு இடங்களில் இருந்தது உண்மைதான். சென்ற ஆண்டு மாவட்ட எல்லைகளைப் படிப்பதற்காக ஜியோபாண்டாஸை பிப் வழியாக நிறுவியபோது வந்திருக்கிறது. ஆய்வகக் கணினியில் ஜியோபாண்டாஸ் இல்லை, அதனால் அங்கே வரைபடம் வந்திருக்கிறது. புதிய சூழலில் கடற்கரைக் கோடு வந்துவிட்டது. நீங்கள் எச்சரித்தபடியே முதல் முறை பழைய கெர்னலைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நிறுவிய பொதிகளின் பட்டியலை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து நோட்புக் இருக்கும் கோப்புறையிலேயே வைத்திருக்கிறேன். ஆய்வகக் கணினியின் பொறுப்பாளரிடம் சொன்னதில், உள்நுழையும்போதே 8 ஜிபி வரம்பு கண்ணில் படும்படி அறிவிப்பு ஒன்று வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.